சித்திக்கு ஐந்து நாள் பாஸ்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் தம்பி தாராள மனசுக்காரன். ஐந்து நாளுக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தான். அதுவும் யாருக்கு? பெற்ற தாய்க்கு.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. என் அம்மாவின் தங்கை மகன். பெங்களூரில் வைட்ஃபீல்டு பக்கம் அடுக்குமாடியில் வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தேதான் பார்க்கிறார்கள். நான் இருப்பது அல்சூரில். எங்கள் வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீர் குடித்தது. சித்தி மட்டும் குடியாத்தத்தில், வாடகை வீட்டில், சித்தப்பா போன பிறகு தனியாக இருந்தார். கொஞ்ச நாள் முன்னால் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பீரோவை ஒருவருக்கும் கிரைண்டரை ஒருவருக்கும் கொடுத்துவிட்டு, "எம்புள்ளகூடவே இருந்துடப் போறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார். தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு புடவை எடுத்துக் கொடுத்து ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பினார்களாம். ஆக, அவர் இங்கே வந்தது ஊர் பார்க்க இல்லை. இருக்க.

வந்த இரண்டாம் நாளே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. விதான சௌதாவுக்கு எதிரே சித்தி, கக்கத்தில் கைப்பை, ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி ஒரு பார்வை. கீழே தம்பி எழுதியிருந்தான்: "அம்மா எக்ஸ்ப்ளோரிங் பெங்களூரு." கூடவே அந்தப் பாஸையும் படம் எடுத்துப் போட்டிருந்தான். டூரிஸ்டுகளுக்கென்று மெட்ரோவில் விற்பது. ஐந்து நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். மறுநாள் லால்பாக், அதற்கடுத்த நாள் கப்பன் பார்க். மதுரைப் பெரியப்பா "மகன்னா இப்படி இருக்கணும்" என்று போட, அதன் கீழே பத்துப் பதினைந்து கும்பிடுகள். எல்லாப் படத்திலும் சித்தி தனியாகத்தான் நிற்கிறார், எடுத்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி எடுக்கச் சொன்னாராம். மகன் தினமும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தான்.

பாஸின் நாலாம் நாள் மத்தியானம் தொம்மலூரில் ஆபீசில் இருந்தபோது சித்தியிடமிருந்து போன்.

"பாப்பா, வேலையா கீறியா? இங்க டேசன்ல என்னை வெளிய வுட மாட்றாங்கம்மா. அவன் மீட்டிங்ல இருப்பான், தொந்தரவு பண்ண வாணாம்னு உனக்குப் போட்டேன்."

எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து எம்.ஜி. ரோடு மெட்ரோவுக்கு ஓடினேன். வெளியே வரும் கதவுக்கு உள்பக்கம் சித்தி, பாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றிருந்தார். பக்கத்தில் இருந்த செக்யூரிட்டிப் பெண் கோபமாகக்கூட இல்லை, குழம்பிப் போயிருந்தார். "அஜ்ஜி பெளிக்கெயிந்த ஒளகடெனே இத்தாரெ மேடம்," என்றார். பாட்டி காலையிலிருந்தே உள்ளேதான் இருக்கிறார்.

விஷயம் இதுதான். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாமே தவிர, ஒரு தடவை உள்ளே போனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சித்திக்கு அது தெரியாது. "பாஸ் கீதே, நாள் பூரா உள்ளயே இருக்கலாம்னு நெனச்சேன்," என்றார். கோயில் மண்டபத்தில் உட்காருவது போல உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போவது, இறங்கிப் பிளாட்பார பெஞ்சில் உட்காருவது, மறுபடி ஏறுவது. உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால் பிஸ்கெட்டை முந்தானைக்குள் மறைத்து வைத்து ஒவ்வொன்றாகத் தின்றாராம். அறுபத்தைந்து வயதுப் பொம்பளை. அபராதத்தைக் கட்டி அவரை வெளியே கூட்டி வந்தேன்.

எதிரே இருந்த ஹோட்டலில் ஒரு தோசை வாங்கி முன்னால் வைத்ததும்தான் பேசினார். அவர் குக்கர் வைத்தால் விசில் மகனுடைய மீட்டிங்கில் கேட்கிறது. போனில் பேசினால் மருமகளுடைய மீட்டிங்கில் கேட்கிறது. ஹாலில் நடந்தால் பின்னால் தெரிகிறார். "மருமவ நல்ல பொண்ணுதான். ஒரு வார்த்த சொல்லல," என்றார். சொல்லுவானேன்? மகன் பாஸை நீட்டி, "என்ஜாய் பண்ணும்மா" என்று காலை ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டான். முதல் நாள் வெயில் தாங்காமல் மத்தியானமே திரும்பி வந்திருக்கிறார். கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. அந்தக் கட்டடத்தில் யார் வந்தாலும், அந்தந்த வீட்டில் இருப்பவர் போனில் ஒரு ஆப் வழியாக ஒப்புதல் கொடுக்க வேண்டும். குடும்பத்து ஆள் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் தினமும் கேட்க மாட்டார்கள். சித்தியை 'கெஸ்ட்' என்று போட்டிருந்தான். அவன் மீட்டிங் முடித்துப் போனைப் பார்க்கும் வரைக்கும், சாப்பாடு கொண்டுவந்து நிற்கிற பையன்களோடு சித்தியும் கேட் ஓரமாக நின்றிருக்கிறார். அதற்கப்புறம் பொழுது சாயாமல் திரும்புவதே இல்லை.

அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு சண்டையாவது போடலாம். இவன் சிரித்துக்கொண்டே, போட்டோ போட்டுக்கொண்டே, பத்துப் பேர் கும்பிடு வாங்கிக்கொண்டே அதைச் செய்கிறான். டூரிஸ்டாம். ஊர் சுற்ற வருகிறவனுக்குக்கூட ராத்திரி தங்கும் லாட்ஜில் பகலில் படுக்க இடம் உண்டு.

"எழுந்திரிங்க சித்தி, எங்க வீட்டுக்குப் போலாம். அங்கயே இருங்க," என்றேன்.

சித்திக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. "என்னா பேச்சு பேசற? புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்க, அக்கா மவ ஊட்ல போயி குந்திக்கினா நாலு பேரு என்னா சொல்லுவாங்க? அவன் மானம் என்னாவறது?"

அவன் மானமாம். இருந்தால் அல்லவா போவதற்கு! வாய் வரைக்கும் வந்ததை, அவர் தோசையை முடிக்கட்டும் என்று விழுங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. நேராக அவன் வீட்டுக்கே போனேன். சித்திக்கு லீவு, அதாவது மகனுக்கு லீவு என்பதால் அவர் வீட்டில் இருக்கலாம். சமையல்கட்டு வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏண்டா, அம்மா இங்க இருக்க வந்தாங்களா, டூர் வந்தாங்களா? அந்த ஆப்ல குடும்பம்னு போடறதுக்கு உனக்கு எத்தனை நேரம் ஆகும்?"

கழுவுற மீனில் நழுவுற மீன் அவன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "அய்யோ அக்கா, அது ஒரு நிமிஷ வேலை. ஆனா பர்மனென்டுன்னு இன்னும் எதுவும் டிசைட் பண்ணலையே. அம்மாவுக்கு இந்த ஊர் செட் ஆகுதான்னு பாக்கணும்ல? அவங்க கம்ஃபர்ட்தான் முக்கியம்," என்றான். மருமகள் எனக்குக் காபி போடுவதற்காக உள்ளே போய்விட்டாள். காபி வர வெகுநேரம் ஆனது.

"இங்க பாரு," என்று அவனே மேஜை மேலிருந்து எடுத்துக் காட்டினான். "பழசு முடியுதுன்னு நேத்தே புதுசு வாங்கிட்டேன். இன்னும் அஞ்சு நாள். இந்த வாட்டி கிரீன் லைன் பூரா பாத்துடலாம்மா, சரியா?"

அவனுக்குத் துளிகூட வெட்கமில்லை. நல்ல காரியம் செய்தவன் முகம் அது. அந்த முகத்தில் காபியைக் கொட்டலாம் என்றால் காபி இன்னும் வரவில்லை.

சித்தி வெங்காயத்தைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாணாம்பா. நான் ஊருக்குப் போறேன்," என்றார்.

அப்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்தேன். சித்தியும் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஏம்மா, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே," என்றான். கட்டைவிரல் மட்டும் போனில் ரயில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே சித்தியைக் கூட்டிக்கொண்டு குடியாத்தம் போனேன். அவனுக்கு ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்ததாம். பழைய வீட்டில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. அதே தெருவில் பின்கட்டு அறை ஒன்று காலியாக இருக்கிறது என்று ரயிலில் வரும்போதே சித்தி யாருக்கோ போன் போட்டு உறுதி செய்துகொண்டார். தெருமுனையில் இறங்கியதுமே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னா யக்கா, புள்ளகூடவே இருந்துடப் போறேன்னு போன? அதுக்குள்ள வந்துட்ட?"

"யாரு சொன்னா அப்படி?" என்று சித்தி சிரித்தார். "ஊரைச் சுத்திக் காட்டறேன்னு கூப்ட்டான், போயிட்டு வந்தேன். ரயிலு மேலயே போவுது பாரு, நாள் பூரா அதுலயே சுத்தினேன். எனக்கின்னு தனியா பாஸு வாங்கிக் கொடுத்தான்."

வழியனுப்ப ஸ்டேஷன் வரைக்கும் போனவர்கள் அவர்கள்தான். கண்ணீரைத் துடைத்துவிட்டவர்களும் அவர்கள்தான். ஆனாலும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சித்தியும் என்னைப் பார்த்தார். "கேட்டுக்கோயேன், எங்க அக்கா மவ, கூட இருந்தவதான். சொல்லு பாப்பா, எப்படிப் பாத்துக்கினான் எம்புள்ள?"

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ராஜா மாதிரி வைத்துக்கொண்டான், ஒரு குறை வைக்கவில்லை என்று நானும் சொன்னேன்.