இடப்பக்கம் சாய்ந்த நீலக் கார்

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பரமேஸ்வரி தன் கார்ச் சாவியை என் டீக் கிளாசுக்குப் பக்கத்தில் எறிந்தாள். கிளாஸ் ஆடி, பிளேன் டீ மேசையெல்லாம் சிந்தியது. மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், ஏ-ஒன்பது வீதியோரக் கராஜில், இருபத்தேழு வருஷமாகக் கார்களுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். என் டீயைச் சிந்த வைக்கும் தைரியம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

“எந்திரிச்சு வந்து பாருங்கண்ணே! ஸ்பிரிங் மாத்தியாச்சு, ராஜா மாதிரி நிக்கும்னு சொன்னீங்களே. வந்து பாருங்க ஒங்க ராஜாவ!”

போய்ப் பார்த்தேன். நீல நிறச் செடான். ஜப்பானில் பிறந்து முப்பது வயதாகிறது. இடப்பக்கம் இரண்டு விரல் இறங்கி, பல்வலிக்காரன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தது போல நின்றது. போன வாரம் அதன் முன் கொயில் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றியவன் நானே. எனக்கு முன்னால் வேறொரு கராஜில் பார்த்தவர்கள், முன் இடப்பக்க ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டை ஒன்றைச் செருகி உயர்த்தப் பார்த்திருந்தார்கள். அதைப் பிடுங்கி எறிந்தபோது அவர்களை என்னவெல்லாம் ஏசினேன்! அந்த ஏச்செல்லாம் இப்போது வட்டியோடு எனக்கே திரும்பி வந்தது.

பரமேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நாற்பது வயது இருக்கும். சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் விருந்தாளிகளைத் தன் சொந்தக் காரில் ஏற்றி இறக்குகிறாள். அந்த ஹோட்டல் வாசலில் நிற்கும் டிரைவர்களில் பெண் அவள் ஒருத்திதான். மூன்று மாதம் தற்காலிகமாக ஓட்ட விட்டிருந்தார்கள். இப்போது நிரந்தர வரிசையில் பெயர் எழுதும் நேரம். அங்கே வாகனங்களைப் பார்க்கும் மெனேஜர் தன் போனை டிக்கி மூடியில் வைத்து மட்டம் பார்த்திருக்கிறார். சாய்வு இரண்டு டிகிரி என்று காட்டியிருக்கிறது.

“வெள்ளிக்கெழம பத்து மணிக்கு நேரா நிக்கிற காரோட வரணுமாம். இல்லாட்டி பேர வெட்டிருவாராம்” என்றாள். “அது கூடப் பரவாயில்லண்ணே. மத்த டிரைவருங்க இருக்கானுங்களே, ‘அக்காவோட காரு தூங்குது, எழுப்பாதீங்க’ன்னு தெனம் ஒருத்தன் சொல்லிட்டுச் சிரிக்கிறான். பொம்பளைக்குக் காரு ஓட்டத் தெரியும், வச்சிருக்கத் தெரியாதாம். அவனுங்க வாய அடைக்கணும் எனக்கு.”

அந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கோபமும் வந்தது, முழுக்க என் மேலேயே வந்தது.

முதலாளி நஸீர் ஹாஜியார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன லிங்கம், செஞ்ச வேல சரியில்லயாமே?”

“இன்னும் முடியல ஹாஜியார்” என்றேன்.

“முடியலயா? போன கெழம முடிஞ்சிட்டுன்னு நீதானே சொன்ன?”

வேலைப் பலகைக்கு அடியில் குனிந்தேன்.

பழைய ஸ்பிரிங் இரண்டு

கழற்றிய பழைய சாமானை நான் உடனே வீசுவதில்லை. அந்தக் காரின் பழைய முன் ஸ்பிரிங் இரண்டும் பலகைக்கடியில் கிடந்தன. எடுத்துத் துடைத்து, பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்து, மேலே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தேன். நூல் அளவு கூட வித்தியாசம் இல்லை. களைத்துப் போன ஸ்பிரிங் கட்டையாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் களைத்திருந்தால் ஜோடியில் ஒன்று குட்டையாக நிற்கும். இதுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

இதை நான் எப்போது செய்திருக்க வேண்டும்? கழற்றிய அன்றே. அரை நிமிஷ வேலை. கை வேகம் என்று பெயர் வாங்கியவனுக்கு அரை நிமிஷம் நிற்க மனம் வரவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் என்ன ஆனையா, சறுக்கி விழுந்து உருண்டே போயிருந்தேன்.

அப்படியென்றால் முன் இடப்பக்கம் இறங்கியிருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னேன்? ஒன்று, டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் கை வைத்துப் பார்த்தது. வலப்பக்கம் நாலு விரல் போனது, இடப்பக்கம் இரண்டரை. இரண்டு, காருக்கு முன்னால் நின்று கண்ணால் பார்த்தது.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு இடப்பக்க மட்காட்டுக்குள் தலையை விட்டேன். உள்ளே வெல்டிங் தழும்பு. எப்போதோ மோதி, டிங்கரிங் செய்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவன் ஒரு விரல் தாழ்த்தி ஒட்டியிருக்கிறான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான் அளந்தது ஸ்பிரிங்கை இல்லை, எவனோ ஒரு டிங்கரின் தவறை.

“ஒரு பொய்ய புடிச்சிட்டேன்” என்றேன்.

“மிச்சப் பொய்ய வெள்ளிக்கெழமைக்குள்ள புடிச்சிரணும்ணே” என்றாள் பரமேஸ்வரி. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போகிற எண்ணமே இல்லை.

தரையைப் போட்டவன்

கண்ணால் பார்த்ததும் பொய்யாக இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் கடை கட்டிக்கொண்டிருந்த மேசன் தாஸ் பாஸைக் கூப்பிட்டேன். அவரிடம் கண்ணாடி போல உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். வீடு கட்டுபவர்கள் மட்டம் பார்ப்பது அதில்தான். கார் நாலு சக்கரமும் நிற்கிற நாலு இடத்திலும் டியூபைப் பிடித்துப் பார்த்தோம்.

தாஸ் பாஸ் வாய்விட்டுச் சிரித்தார். “இந்தத் தரைய எந்த மடையன் போட்டான்? எடப்பக்கம் ஒன்றர இஞ்சி எறக்கம்! பின் மூலை இன்னும் பள்ளம்!”

ஹாஜியார் என் பக்கம் விரலை நீட்டினார்.

ஆமாம், நான்தான் போட்டேன். கழுவுகிற தண்ணீர் தானாக ஓடிக் கழிவுநீர்க் கானில் விழ வேண்டும் என்று, கான் இருக்கும் இடப்பக்கமாக வாட்டம் விட்டு, என் கையாலேயே சீமெந்தை இழுத்தேன். பிறகு அந்தத் தரையிலேயே வருஷக்கணக்காக நின்று, இந்தக் கார் சாய்ந்திருக்கிறது, அந்தக் கார் நேராக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையில் பிறந்தவனுக்கு இதுதான் வியாதி. குடியிருந்த தோட்டத்து லயம் சரிவில், பள்ளிக்கூடம் சரிவில், கிரிக்கெட் விளையாடிய இடமும் சரிவில். சரிவே எங்களுக்குச் சமதரை.

“மாத்தளையில மட்டமான எடம் எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?” என்று நான் சமாளித்தேன்.

“எடம் இல்லாட்டி செஞ்சுக்கணும்” என்றார் தாஸ் பாஸ். போய் உடைந்த தரை டைல்களை ஒரு கூடையில் அள்ளி வந்தார்.

முன் இடப்பக்கம் மூன்று டைல், பின் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் சும்மா தரை என்று அடுக்கி, டியூபில் தண்ணீர் நாலு இடத்திலும் ஒரே கோட்டில் நிற்கும் வரை ஏற்றி இறக்கினோம். டயர்களுக்குக் காற்றைச் சமமாக விட்டேன். டிக்கியில் இருந்த தண்ணீர்க் கேன், குடைகள், விருந்தாளி விட்டுப்போன ஒரு ஜோடி பூட்ஸ் எல்லாவற்றையும் இறக்கினோம். காரைத் தள்ளி டைல் மேல் ஏற்றி, நாலு மூலையையும் அமுக்கி ஆட்டி, அது தானாக அடங்கும் வரை விட்டேன். இந்தமுறை மட்காட்டைத் தொடவே இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் இரும்பு விளிம்பிலிருந்து டைல் மட்டம்வரை அளந்தேன்.

இடப்பக்கம் முழுவதும் தாழ்வு. ஆனால் முன்னால் கொஞ்சம், பின்னால் அதிகம்.

இனி ஒரே ஒரு சோதனை. காரைத் தூக்கும் ஜக்கை, முன்னால் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பர் இரும்பின் நட்ட நடுவில் வைத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு மயிரிழை எழும்பும் வரை தூக்கினேன். இப்போது முன் ஸ்பிரிங்குகளுக்கு வேலை இல்லை. காரின் முன்பாதி ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் உருளலாம். சாய்வுக்குக் காரணம் முன்னால் இருந்தால் கார் இப்போது நிமிர வேண்டும். பின்னால் இருந்தால் சாய்ந்தே நிற்கும்.

எல்லோரும் பின்னால் போய்ப் பார்த்தோம். நிமிரவில்லை. இன்னும் ஒரு விரல் கூடவே சாய்ந்தது.

“அடேங்கப்பா! அகப்பட்டான் திருடன்!” என்று கத்திவிட்டேன். ஹாஜியார் செருப்பைக் கூடப் போடாமல் ஓடி வந்தார்.

பின் இடப்பக்கத்தைக் கழற்றினேன். ஸ்பிரிங் உட்காரும் இரும்புக் கிண்ணம் முழுக்கத் தோட்டத்து ரோட்டுச் செம்மண், இறுகிக் கல்லாகியிருந்தது. அதைக் கம்பியால் நோண்டி எடுக்க எடுக்க, கடைசியில் கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு துண்டு ‘டங்’ என்று தரையில் விழுந்தது. ஸ்பிரிங்கின் அடிச்சுற்று. முறிந்து பல மாதமாகியிருக்க வேண்டும், வெட்டுவாய் முழுக்கத் துரு. மண் அதை மூடிக்கொண்டிருந்ததால், அடியில் படுத்துப் பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை. நானும் படுத்துப் பார்த்தவன்தான்.

பரமேஸ்வரி அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்தச் சனியனாலயாண்ணே நான் இத்தன பேச்சு கேட்டேன்?”

“பாதி இவனால. மீதி என்னால” என்றேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது.

ஹாஜியார் போனில் நாலு ஊரைக் கூப்பிட்டு, வியாழன் மதியத்துக்குள் கண்டியிலிருந்து பின் ஸ்பிரிங் ஒரு ஜோடியை பஸ்ஸில் வரவழைத்தார். வேறு காரில் பாவித்த பழைய சாமான்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக இரண்டையும் நிற்க வைத்து ஸ்கேல் பிடித்தேன். சமம். பூட்டி, டைல் மேல் ஏற்றி, ஆட்டி அடங்க விட்டு, தாஸ் பாஸின் டியூபை இரண்டு பக்கக் கதவு விளிம்பிலும் பிடித்தோம். தண்ணீர் ஏறி இறங்கி, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வந்து நின்றது.

“மாஷா அல்லாஹ்! இப்ப சரியா ஈக்குது” என்றார் ஹாஜியார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி

“நீங்களும் வாரீங்க” என்றாள் பரமேஸ்வரி. “சாஞ்சு நின்னா ஒங்களத்தான் முன்னால தள்ளுவேன்.”

தம்புள்ளை தாண்டி சீகிரியா போய்ச் சேர்ந்தோம். ஹோட்டல் முன் முற்றம் முழுக்கக் கருங்கல் பதித்திருந்தது. டிரைவர்கள் தங்கள் வேன்களில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். மெனேஜர் கார் முன்னால் குனிந்தார், பின்னால் குனிந்தார், போனை எடுத்து டிக்கி மூடியின் நடுவில் வைத்தார்.

“சைபர்” என்றார் மெனேஜர். நம்பாமல் போனைத் திருப்பி வைத்தார். “திரும்பவும் சைபர்!”

புத்தகத்தைத் திறந்து, பரமேஸ்வரி என்று எழுதி, வரிசை நம்பரைப் போட்டுக் கையெழுத்து வாங்கினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. எனக்கும்தான், வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. மெனேஜரின் கையிலிருந்து போனைக் கேட்டு வாங்கினாள். நேராகப் போய் முதல் வேனின் பொனட்டில் வைத்தாள். ஒன்றரை. அடுத்த வேன், இரண்டு. மூன்றாவது வேனின் டிரைவர்தான் தினமும் கேலி பண்ணுகிறவனாம். தன் வேனை மறைத்துக்கொண்டு நின்றான். அவனை விலக்கி வைத்தாள். மூன்று!

“அக்காவோட காரு தூங்குதுன்னீங்களே தம்பி, ஒங்க வேன் கொறட்டையே விடுதே!”

முற்றமே சிரித்தது. மெனேஜரும் சிரித்துவிட்டு, அந்த மூன்று வேன்களின் நம்பரையும் குறித்துக்கொண்டார். திரும்பும்போது மூன்று டிரைவர்களும் என்னிடம் ரகசியமாகக் கராஜ் எங்கே என்று கேட்டார்கள். பரமேஸ்வரியே வழி சொன்னாள், சத்தம் போட்டு.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கார் சாய்ந்திருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், முதலில் நீங்கள் நிற்கிற தரையைப் பாருங்கள். மட்காட்டை நம்பாதீர்கள். தாழ்ந்து தெரிகிற மூலையில் உடனே ஸ்பானரை வைக்காதீர்கள். கழற்றியதை ஜோடியாக நிற்க வைத்து அளக்காமல் புதியதைப் பூட்டாதீர்கள்.

எங்கள் கராஜில் அந்த டைல்கள் இப்போது சீமெந்தில் பதிந்திருக்கின்றன. மூன்று மேடை, நாலாவது சக்கரத்துக்குச் சும்மா தரையில் ஒரு கட்டம், எல்லாம் சிவப்புப் பெயின்ட். தாஸ் பாஸ்தான் பதித்தார். நான் பதிக்கிறேன் என்றேன், ஹாஜியார் என்னைச் சீமெந்துக் கரண்டியைத் தொடவே விடவில்லை.