பால் பொங்கியதற்கு வைத்த சூடு

மஞ்சள் கொம்பின் நுனியை விளக்குத் தீயில் காட்டிக் கருக்கினால் ஒரு வாசனை வரும். அது குழம்பில் வருகிற மஞ்சள் வாசனை இல்லை, ஈர விறகைப் பற்றவைத்ததுபோல் கண்ணைக் கரிக்கிற காட்டம். அது மூக்கில் ஏறுகிறபோதே கையை இழுத்துக்கொள்ளப் பார்ப்போம், இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், வைத்தியர் முழங்கைக்குக் கீழே ஒரே ஓர் இடத்தில் வைத்து எடுத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் அறுபதுகளில் காமாலைக்கு அதுதான் மருந்து. குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் அதுதான், மாந்தம் என்றாலும் அதுதான். எனக்கு ஆறு வயதில் வைத்தார்கள். வட்டமாக, புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு. அதற்குப் பெயர் ‘சூடு’. அடுப்பில் கை பட்டாலும் சூடு, வைத்தியர் வைத்தாலும் சூடு. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். இந்த ஒரு வார்த்தையால்தான் நான் சொல்லப்போகிற காரியம் முதலில் கெட்டது.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் நான்கு கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு என் மெஸ்ஸிலிருந்துதான் வேனில் போகிறது, இன்ஜினியர்கள் நின்று ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். இதை நானே உட்கார்ந்து என் கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பேத்தி திருத்திக்கொள்ளட்டும். மெஸ், வேன் எல்லாம் பிறகு வந்தவை. பத்து வயதில் ஒரு காரியம் செய்தேன், அதைச் செய்ய எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே, சுற்றிலும் நெல் வயல். பள்ளிக்கூடம் என்பது ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அங்கே இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள் கன்னியம்மா. ஏழு வயது. தாய் செத்துப்போய், தகப்பன் மெட்ராஸில் மூட்டை தூக்கப் போனவன் திரும்பி வராததால், அவனுடைய தங்கை ராஜம்மாவின் வீட்டில் விட்டிருந்தார்கள். ராஜம்மா இரண்டு எருமை வைத்திருந்தாள். ஊரில் பாதி வீட்டுக்கு அவள் பால்தான், வாத்தியாருடைய தயிரும் அவள் வீட்டுத் தயிர்தான். வாத்தியாரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்காக இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மதியம் எங்களுக்குச் சோள மாவு உப்புமா போடுவார்கள். எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம், கன்னியம்மா மட்டும் முட்டி போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் ஏரியில் குளிக்கிறபோது பார்த்தேன். தொடையின் பின்பக்கம் பட்டையாக நான்கு தழும்பு, இரண்டு காய்ந்தது, இரண்டு காயாதது, விரல் நீளத்துக்கு, கரண்டிக் காம்பின் அகலத்துக்கு.

“இன்னாடீ இது?”

“சூடு.”

“காமாலையா?”

“இல்லக்கா. பால் பொங்கிப் பூட்ச்சு.”

அவள் அதைச் சொன்னது, மழை பெய்தது, துணி நனைந்தது என்று சொல்கிற மாதிரிதான். சொல்லிவிட்டுத் தண்ணீரில் முங்கினாள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கெட்டவள் இல்லை, கழனி வேலைக்குப் போய் வந்து அலுத்துக் கிடப்பவள். “அவங்க ஊட்டு கொயந்தய அவங்க அடிக்கிறாங்க, அணைக்கிறாங்க, உனக்கு இன்னாத்துக்குடீ பேஜாரு? நாளைக்கி அவகிட்டதான் பாலுக்கு நிக்கணும்” என்றாள். அப்பா அந்தப் பேச்சுக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குச் சர்க்கார் என்றால் மணியக்காரர்தான். பிறப்பு எழுதுவதும் அவர், சாவு எழுதுவதும் அவர், போலீசு வந்தால் நாற்காலி போடுவதும் அவர் வீட்டில்தான். நேரே அவரிடம் போனேன். அவர் வேப்ப மரத்தடியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார், முகம் முழுக்க சோப்பு நுரை.

“இன்னாடீ, காலைலயே?”

“நைனா, கன்னிம்மாக்கு அவங்க அத்த சூடு வெச்சிக்கீது.”

“காமாலையா? கண்ணு மஞ்சளா கீதா?”

“இல்ல நைனா, தொடைல வெச்சிக்கீது.”

“தொடைலயா?” என்று அவர் யோசிக்க, சவரம் செய்தவர் கத்தியை எடுத்துவிட்டு, “கண்ணு தெரியாத வைத்தியரா இருப்பாரு நைனா, கைன்னு நெனச்சி வெச்சிக்கினு பூட்டாரு” என்றார். இருவரும் சிரித்தார்கள். “சரி, நான் விசாரிக்கிறேன், நீ போ, சோப்பு காயுது” என்றார் மணியக்காரர். சர்க்காரிடமே சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

சொன்னபடி அவர் விசாரிக்கவும் செய்தார். அன்று சாயங்காலம் கிணற்றடியில் பத்துப் பேர் இருக்கும்போது, பால் செம்போடு வந்த ராஜம்மாவை நிறுத்தி, “கொயந்தைக்குக் காமாலையாமே, தேவலையா? இந்தப் பொண்ணு வந்து சொல்லிச்சி” என்று என்னைக் கைகாட்டினார். ராஜம்மா என்னைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. “தேவலாம் நைனா. இன்னும் ஒரு சூடு வெச்சா சரியாப் பூடும்” என்றாள். கிணற்றடியில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கீழாநெல்லியும் அரைத்துக் கொடு என்று ஒருத்தி யோசனை சொன்னாள். ராஜம்மா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் எனக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பத்து வயது.

கன்னியம்மா மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தாள், வலது கையில் பழம்புடவைத் துணி சுற்றியிருந்தது. உப்புமாவை இடது கையால் சாப்பிட்டாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, நானும் கூப்பிடவில்லை. யாரிடமும் இனிமேல் ஒன்றும் சொல்வதில்லை என்று மனசுக்குள் முடிவும் செய்துகொண்டேன், அந்த முடிவில் எட்டு நாள் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் பிளாக் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வருவார். கிராம சேவிகா, நாங்கள் ‘சேவிகாம்மா’ என்போம். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பிலேயே குடையோடு நடந்து வருவார், பால் பவுடர் கரைத்துக் கொடுப்பார், குழந்தைகளை நிறுத்தி எடை பார்ப்பார், எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டைக் கண்டால் ஊருக்குக் கொஞ்சம் பயம், அதில் எழுதியது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை கன்னியம்மாவின் முறை வந்தது. தராசில் நிறுத்திவிட்டு, கையில் என்ன துணி என்று கேட்டார்.

“காமாலை” என்றாள் கன்னியம்மா. நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“காமாலைக்கு சூடா? இந்த ஊரை என்ன செய்யறது” என்று அலுத்துக்கொண்டு சேவிகாம்மா நோட்டில் எழுதப் போனார். எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், சர்க்கார் நோட்டிலேயே காமாலை என்று ஏறியிருக்கும். நான் வரிசையைத் தாண்டிப் போய்ச் சட்டையின் கையை மடக்கி, என் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இந்தத் தடவை ‘சூடு’ என்கிற வார்த்தையை வாயிலேயே எடுக்கவில்லை.

“சேவிகாம்மா, காமாலைக்கு வெச்சது இது. ஒண்ணே ஒண்ணு, வட்டமா கீது. அவ துணியப் பிரிங்க, அவ தொடையயும் பாருங்க. அது கரண்டிக் காம்பு.”

அவர் பேனாவை மூடினார். கன்னியம்மாவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, குடையை மட்டும் எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு ராஜம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

ராஜம்மா சாணிக் கையோடு வந்தாள். “பெத்தவன் ஒரு தபா வந்து பாத்தானா? சோறு போடறவ நானு. தப்பு பண்ணா நான் கேக்கக் கூடாதா?”

“கேளும்மா. வாயால கேளு, கரண்டியால கேக்காதே.”

“கேக்கத்தான் ஆளு வருது, ஒரு வேளை கஞ்சி ஊத்த எந்த ஆபீசுலருந்து ஆளு வந்திச்சி?”

“அதையும் எழுதிக்கிறேன்” என்றார் சேவிகாம்மா, நிஜமாகவே எழுதினார். எழுதிவிட்டுக் கன்னியம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஏழு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அந்த வரப்பில் நடப்பது லேசு இல்லை. குடையை நான் எடுத்துக்கொண்டு பஸ் வரைக்கும் பின்னாலேயே போனேன். பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் போலீசு வந்தது, வழக்கம்போல் மணியக்காரர் வீட்டில்தான் நாற்காலி போட்டார்கள். “காமாலைன்னுதான் நெனச்சேன்” என்று அவர் அன்றைக்கும் சொன்னார், அது பொய்யும் இல்லை. ராஜம்மாவை எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். கன்னியம்மாவை ஆந்திரப் பக்கத்துச் சூலூர்ப்பேட்டையிலிருந்து தாய்மாமன் வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் யாரும் பால் ஊற்றவில்லை. அம்மா என்னை அதற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை, வரக்காப்பியைத் தம்ளரில் ஊற்றி ‘ணங்’ என்று வைப்பாள், அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், மெஸ்ஸில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லியிருக்கிறேன். எப்போதும் செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் தொடங்குவேன். மணியக்காரர் வீட்டுக்குப் போனதை விட்டுவிடுவேன், கிணற்றடியில் நின்றதையும் விட்டுவிடுவேன்.

சில வருஷம் முன்னால் ஆடி மாதம் பெரியபாளையத்தில், கூழ் ஊற்றுகிற இடத்தில் நான் சத்தம் போட்டு வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தலை நரைத்த ஒரு பெண்மணி வந்து என் குரலை வைத்தே ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். கன்னியம்மா. பேரன் பேத்தியோடு வந்திருந்தாள், பேச்சில் பாதி தெலுங்கு. எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை. “அந்தக் கை என்னாலதான்” என்று சொல்லிவிட்டேன், அறுபது வயதைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக.

“தெரியும் அக்கா, அத்த சொல்லிக்கினேதான் வெச்சிது, உன் பேரச் சொல்லிக்கினேதான்” என்றாள். “அதுக்கப்புறம் நீ வாயத் தொறக்க மாட்டேன்னு நெனச்சேன். நானா இருந்தா தொறந்திருக்க மாட்டேன்.” பிறகு கூழ் நன்றாக இருக்கிறது, உப்புதான் கொஞ்சம் தூக்கல் என்றாள்.

இப்போது மணியக்காரர் என்கிற வேலையே இல்லை. வரப்பில் குடை பிடித்து வந்த சேவிகாம்மா எங்கே போனார், அவர் பெயர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. ஏரி பாதிக்குமேல் தூர்ந்துவிட்டது. ராஜம்மாவின் எருமை கட்டிய இடத்தில் இரும்பு உருக்குகிற கம்பெனியின் மதில், அந்தக் கம்பெனிக்கும் என் மெஸ் சாப்பாடுதான் போகிறது. பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் போன் போட ஒரு நம்பர் இருக்கிறது, பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். மஞ்சள் சூடு வைக்கிற வைத்தியர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை, அந்த வார்த்தைக்கு இப்போதைய பிள்ளைகளுக்குக் காப்பி சூடு, வெயில் சூடு மட்டும்தான் தெரியும். கோயிலில் கன்னியம்மா கிளம்பும்போது கூழ்ச் சொம்பை வலது கையில்தான் வாங்கினாள். மூன்று விரல் பிடித்தது. மற்ற இரண்டும் உள்ளங்கையோடு மடங்கியபடியே இருந்தன.