பொன்னுக்கு வீங்கி என்று நினைத்த தாடை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டித்தான் தொடங்கினேன். இன்று சுத்துக்கேணிப் பக்கம் யாருக்குக் கரும்பு வெட்ட வேண்டுமென்றாலும் என் ஆட்களும் என் டிராக்டரும்தான் போக வேண்டும். அறுபதைத் தாண்டியும் முழுக் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்பேன். இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் என் வயசுக்காரன் இன்னொருத்தன் அப்படித் தின்றால் காட்டுங்கள்.

அதனால்தான், போன வருஷம் இடது தாடை புடைத்தபோது பல்லைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வலியும் இல்லை. பொன்னுக்கு வீங்கி என்று நானே முடிவு செய்தேன். எங்கள் பக்கம் அதற்கு வைத்தியம் கழுத்தில் தங்கம் போடுவது. மனைவியின் சங்கிலியை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"பேரப்பசங்களுக்கு வர்றது உனக்கு எப்படிய்யா வரும்?" என்றாள்.

"வந்தா இன்னா? போட்டுக்க நகை இருக்குது இல்ல."

சங்கிலி எனக்கு நன்றாகவே இருந்தது. மேல் பொத்தானைப் போடாமல் மதகடிப்பட்டு டீக்கடைக்குப் போய்வந்தேன். விசாரித்தவர்களுக்கெல்லாம் வீக்கத்தையும் காட்டினேன், சங்கிலியையும் காட்டினேன். வீக்கம்தான் இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் முறுக்கைக் கடித்தபோது உள்ளே ஏதோ உடைந்து வாயெல்லாம் உப்புத் தண்ணீர். அன்றைக்கே மனைவி என்னை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக் கூடவே வந்தாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். வாய் முழுவதும் ஒரே படமாக விழும் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று முளைக்காமலே எலும்புக்குள் குறுக்கே படுத்திருந்தது. அதன் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பை.

"நீர்க்கட்டி மாதிரி இருக்குங்க ஐயா. சத்தமில்லாம வருஷக்கணக்கா வளந்து எலும்பைக் கரைச்சிருக்கு. மிச்சம் இருக்கிறது முட்டை ஓடு கனம்தான். இப்ப கரும்பைக் கடிச்சீங்கன்னா தாடையே முறிஞ்சிடும்."

பையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது வெறும் நீர்க்கட்டியா, வேறு கெட்ட கட்டியா என்று உறுதியாகத் தெரியும் என்றும் சொன்னார். அதுவரை அவரைப் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். அதன் பிறகு எப்போது வர வேண்டும், எனக்குச் சாப்பிட என்ன கொடுக்கலாம் என்றெல்லாம் மனைவிதான் கேட்டாள். திரும்பும்போது பைக்கில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் பின்கம்பியைத்தான் பிடிப்பாள்.

மயக்கம் கொடுத்துப் பல்லையும் பையையும் எடுத்தார்கள். நல்ல உறுதியான பல் என்று டாக்டரே சொன்னார். பரிசோதனை முடிவு வரும்வரை ரவைக் கஞ்சி. வயலுக்குப் போவேன், ஆட்களை விரட்டுவேன், எதிலும் மனசு நிற்காது.

முடிவு வந்த அன்று டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லைங்க ஐயா, வெறும் நீர்க்கட்டிதான்," என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"வலிக்கலன்னா இன்னாய்யா? வீங்கினா வந்து காட்ட மாட்டியா? உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

கரும்பு லாரிக்காரர்களையே வாயால் அடக்கியவன் நான். அன்று பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது குழியில் எலும்பு தானாக நிரம்பி வருகிறது. போன மாதப் படத்தில் நானே பார்த்தேன். இந்த வயதில் இவ்வளவு வேகமாக நிரம்புவது அபூர்வம் என்றார் டாக்டர். மனைவியும் கேட்கட்டும் என்று அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.