கூலி வேண்டாமென்று நட்டவர்கள்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது நான்கு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள்.

மூத்தவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன வருடம் அது. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், குடவாசல் பக்கத்துக் குத்தகை நிலத்தை நான்தான் பார்த்தேன். ஒரு போகம் தரிசு கிடந்தாலும் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். நடவுக்கு வருகிறோம் என்றவர்களை நம்பி முதல் நாளே நாற்றைப் பறித்து முடி கட்டிப் போட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் அத்தனை பெண்களும் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார்கள். வெயில் ஏற ஏற நாற்றின் நுனி சுருள்கிறது, நான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன், அழவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை.

அப்போது வாய்க்கால் கரையோடு ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தியையும் முன்பின் பார்த்ததில்லை. முன்னால் வந்த ஒல்லியானவள் நின்றாள்.

"என்னக்கா, நாத்துக்குக் காவலா?"

"ஆளுங்க ஏமாத்திட்டாங்கம்மா."

"நாங்க எறங்கவா?"

"கூலி என்ன கேப்பீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க."

"கூலி வேணாம். முடிஞ்சதும் எல போட்டுச் சோறு போடுங்க, போதும்."

"ஓசியில நடுற ஆளுங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"எல போடுற ஆள நாங்களும் இன்னைக்குத்தான் பாக்குறோம்" என்றாள் பின்னால் நின்றவள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஓடிப்போய் உலை வைத்தேன். கத்திரிக்காய்க் குழம்பு, மோர், கொல்லையில் அறுத்த வாழை இலை. தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் கடைசி மூலையை நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடவு முடிந்தால் குலவை போடாமல் யாரும் கரையேற மாட்டார்கள், இவர்கள் பேசாமல் கால் கழுவினார்கள்.

"குலவ போடலயாம்மா?"

"எங்களுக்கு அது ஆகாதுக்கா" என்றாள் ஒல்லியானவள். "நீங்களும் எங்களோட உக்காருங்க."

அவர்கள் மனம் கோணக்கூடாது என்று ஓரத்தில் எனக்கும் ஓர் இலை போட்டு, சோற்றை வைத்துவிட்டுப் பரிமாறப் போனேன். அவ்வளவு மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறவர்களை நான் கண்டதில்லை. எழுந்தபோது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை, சில்லென்று இருந்தது.

"எங்களுக்குன்னு யாரும் எல போட்டதே இல்லக்கா."

"என் குடும்பத்தக் காப்பாத்திட்டு நீங்க என் கையப் புடிக்கிறீங்களே தாயி" என்றேன்.

அவர்கள் கரையேறினார்கள், நான் இலை எடுக்கக் குனிந்தேன். அவர்கள் இலையெல்லாம் மேல்பக்கமாக, சாப்பிட்டவருக்கு எதிர்ப்புறமாக மடித்திருந்தது. சாவு வீட்டில்தான் அப்படி மடிப்போம். நல்லது கெட்டது தெரிந்த பெண்கள் யாரும் மறந்தும் செய்ய மாட்டார்கள். நிமிர்ந்தேன். கரை நூல் பிடித்த மாதிரி நேராக ரோடு வரை போகிறது, வெளிச்சமும் இருக்கிறது, ஒருத்தியும் இல்லை.

அந்த வருடம் விளைந்தது, குத்தகையும் கைவிட்டுப் போகாமல் நின்றது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று அக்கம்பக்கத்து ஊரெல்லாம் விசாரித்தேன். அப்படி ஆட்களே இல்லை என்றார்கள்.

அதுகூடப் போகட்டும். நான் உட்காரவே இல்லை, ஒரு வாய் உண்ணவில்லை. எனக்கென்று போட்ட இலையில் சோறு இல்லை, அது மட்டும் விருந்து வீட்டு இலை போல உள்பக்கமாக மடித்திருந்தது. என் பெயரில் சாப்பிட்டது யார் என்று இன்றும் தெரியவில்லை. இப்போதும் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கப் போனால் கை ஒரு நொடி நிற்கிறது.

கயலு, பாட்டி எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காமல், முதலிலிருந்து ஒருதரம் வாசி, கேட்கிறேன்.