பாரிஸ் சீட்டு, லண்டன் கெடு

போன செவ்வாய்க்கிழமை காலை வாசல் மணி அடித்தது. திறந்தால் தவம் அண்ணை. கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர். ரொட்டி ஃபேக்டரியில் மாலை ஷிஃப்ட். போன் செய்யாமல் ஒருநாளும் வராதவர்... பூட்ஸைக் கழற்றாமலே மிதியடியில் நின்றார்.

"ரீச்சர், உங்களுக்கு நல்லாய் பிரெஞ்ச் வரும்தானே. பாரிசுக்கு ஒரு கோல் எடுத்துக் கதைக்கவேணும்."

"யார்கிட்ட பேசணும் அண்ணை?"

"லொத்தர் கந்தோரிலை."

லாட்டரி என்றாலே எனக்கு எரிச்சல் வரும். காலேஜில் இத்தனை வருஷம் நிகழ்தகவு நடத்திய வாத்தியாரம்மாவுக்கு வேறு என்ன வரும்? மூலையில் இருக்கும் டெப்பனேர் என்னும் சில்லறைக் கடையில் பாலுக்கு நிற்கும்போது, முன்னால் நிற்பவர் எண்களை யோசித்து யோசித்துச் சொன்னால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஆனால் அண்ணையின் முகத்தைப் பார்த்த பிறகு பிரசங்கம் செய்ய வாய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டேன்.

கதை இதுதான்.

அவருடைய ஒரே தங்கை பாரிஸில் இருந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் கௌசி, நர்சிங் படிக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் தங்கைக்கு வயிற்றில் ஏதோ என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. அண்ணை ஓடிப்போய்க் கொள்ளி முடித்துவிட்டு வந்தார். அதற்கு மேல் ஃபேக்டரியில் லீவு இல்லை.

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த கைப்பையில் ஒரு லாட்டரிச் சீட்டு இருந்தது. அட்மிட் ஆவதற்கு இரண்டு நாள் முன்பு வாங்கியது. கௌசி போனில் பார்த்தாள். ஐந்து எண்களும் சரி! கூடவே வரும் இரண்டு நட்சத்திர எண்கள்தான் தவறு. கோடீஸ்வரப் பரிசு இல்லைதான். ஆனால் அண்ணையின் ஒரு வருஷச் சம்பளத்துக்குக் குறையாது.

ஒரு வருஷச் சம்பளம்! அண்ணைக்கு அதில் தெரிந்தது காசு இல்லை, ஒரு வருஷம். வேலையை விட்டுவிட்டு பாரிஸுக்குப் போய், அந்தப் பெண் படிப்பை முடிக்கும்வரை வீட்டில் ஒரு ஆளாக இருக்கலாம். அவள் ராத்திரியில் லைட்டை அணைக்காமல்தான் தூங்குகிறாளாம்.

பிறகு ஏன் உடனே போய் வாங்கவில்லை?

வீட்டில் துடக்கு. எங்கள் பக்கம் தீட்டு என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை சாமி அலமாரிக்குத் திரை போட்டு மூடியிருந்தது. சீட்டைப் பத்திரமாக அந்தத் திரைக்குள்ளேதான் வைத்திருந்தார்கள். செத்த வீட்டிலிருந்து லாட்டரிக் காசு கேட்டுப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அதோடு, லண்டனில் கடை வைத்திருக்கும், தவம் அண்ணையின் மூத்த அண்ணன் ஒரு தைரியம் சொன்னார். "அந்தரப்படாதேங்கோ. ஆறு மாதம் இருக்கு. முதல்லை தங்கச்சியின்ரை காரியத்தைப் பாருங்கோ."

காரியம் முடிந்தது. அடுத்து கௌசிக்குப் பரீட்சை வந்தது. அதுவும் முடிந்தது. அண்ணை என்னிடம் வந்ததற்கு முந்தின வாரம் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.

எப்படி? இந்த லாட்டரியின் லட்சணத்தை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. ஒரே குலுக்கல், ஒரே எண்கள், பெரிய பரிசுக்கு எல்லா நாட்டுக் காசும் ஒரே அண்டாவில். ஆனால் கரண்டி நாட்டுக்கு ஒன்று! வாங்கிய நாட்டில்தான் பரிசைக் கேட்க வேண்டும். வரி சில நாட்டில் உண்டு, சில நாட்டில் இல்லை. கெடுவும் அப்படித்தான். லண்டனில் ஆறு மாதம். ஆஸ்திரியாவில் மூன்று வருஷமாம். பாரிஸில் இரண்டே மாதம். யாரும் கேட்டு வராத பரிசை என்ன செய்வது என்பதும் அந்தந்த நாட்டின் இஷ்டம்.

எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். சாவு வீட்டில் யார் உட்கார்ந்து விதிமுறை படிக்கிறார்கள்?

பாரிஸுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரு பெண். என் கியூபெக் பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டாள். மரணம், அந்தியேட்டி, பரீட்சை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"குலுக்கல் தேதியிலிருந்துதான் கணக்கு, மேடம். வாங்கியவர் உயிரோடு இருக்கிறாரா என்பது அதில் வராது. மிகவும் வருந்துகிறேன்."

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் லண்டன் அண்ணன் மேல் கோபப்பட்டேன். "அவருக்கு என்ன தெரியும்னு ஆறு மாசம்னு சொன்னார்? ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதா?"

தவம் அண்ணை டீயைத் தொடவே இல்லை. "அண்ணை பிழை சொல்லேல்லை ரீச்சர். அவர் இருக்கிற நாட்டிலை அது சரிதானே."

எனக்கு அழுகை வந்தது. இரண்டு அண்ணன்மார், தங்கை, மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே போருக்குப் பயந்து கிளம்பியவர்கள். ஒவ்வொருவரையும் ஒரு நாடு எடுத்துக்கொண்டது. ஒரு நாட்டின் சட்டம் அடுத்த நாட்டில் செல்லாது என்பதை, பாவம், தங்கை செத்த நேரத்தில் அண்ணன்மார் இருவரும் மறந்துபோனார்கள்.

தவம் அண்ணை கௌசியை வீடியோவில் கூப்பிட்டார். ஒல்லியான பெண். பின்னால் சாமி அலமாரி தெரிந்தது, திரை இப்போது விலகியிருந்தது. அண்ணை விஷயத்தைச் சொன்னார். காசைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்ப நீங்க வரமாட்டீங்களோ மாமா?"

"வாறன் பிள்ளை... பேந்து வாறன்" என்றார்.

எப்போது என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்; அதற்குள் மதியமாகியிருந்தது. பிறகு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அன்று மாலை இன்னொரு சட்டத்தையும் தேடிப் படித்தேன். கூடப் பிறந்தவள் செத்தால், வேலைக்குப் போகிறவருக்கு எங்கள் கியூபெக் சட்டம் தரும் லீவு ஐந்து நாள்.

பரவாயில்லை... லாட்டரிச் சீட்டுக்காவது இரண்டு மாதம் கொடுத்தார்கள்!