அண்ணன் பார்த்த தண்ணீர்

தாம்பரம் மேற்கில், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்த மண், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அசரியா பார்க்காத வேலை இல்லை. சீசா கழுவுவார், வயல் வயலாகப் போய் மண் எடுத்து வருவார், முதலாளி ஸ்ரீநிவாசராகவனுக்கு டீயும் வாங்கி வருவார். எண்பதுகளில் சேர்ந்தபோது அவ்வளவுதான் அவர் பிழைப்பு. தொண்ணூற்று நாலில் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்தாரே, அதற்கப்புறம்தான் ஊரில் நாலு பேருக்கு அசரியாவைத் தெரிய வந்தது.

மெஷின் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒயர், ஒயர் முனையில் பேனா மாதிரி ஒரு குழாய். குழாயைத் தண்ணீரில் விட்டால், அந்தத் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பெட்டியில் எண் வரும். உப்பு ஏற ஏற எண்ணும் ஏறும். மண்ணுக்கும் அதேதான், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கி, தெளிய விட்டு, குழாயை நனைத்தால் மண்ணின் உப்பும் தெரிந்துவிடும். இன்னொரு வித்தையும் அதற்கு உண்டு. கிணற்றில் கட்டித் தொங்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மணிக்கு ஒரு தரம் அதுவே அளந்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்புறம் எடுத்துவந்து கம்ப்யூட்டரில் சொருகினால், அத்தனை நாள் தண்ணீரும் எப்படி இருந்தது என்று ஒரு கோடாக அச்சாகி வரும்.

அசரியா அந்தப் பெட்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ஒவ்வொரு கிணற்றுக்கும் முன்னாலும் பின்னாலும் குழாயைக் கழுவித் துடைப்பார். ஒயரில் அடிக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். கிணறு என்றால் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பார்க்காமல் எண்ணைச் சொல்ல மாட்டார். முடிச்சூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் வயல் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கிணறு இளநீர் மாதிரி இருக்கும், அதற்கு இரண்டு வயல் தள்ளி இன்னொன்று கடலாக இருக்கும். 'உப்பு மெஷின் அசரியா வந்து பாத்துட்டாரா?' என்று கேட்டுவிட்டுத்தான் பல பேர் முன்பணமே கொடுத்தார்கள். அந்தப் பேரில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே, மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது?

அந்தப் பெருமையில் அவரைவிடப் பெரிய பங்கு அவருடைய தங்கை செல்வமேரிக்கு. புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்து, வேலையிலேயே போய்ச் சேர்ந்தவன். குரோம்பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் பெண்ணை வைத்துக்கொண்டு, ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி அவளுக்கு இடுப்பே கோணிப்போயிருந்தது. நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் ஒரு குச்சு வீடு, அவள் கர்த்தரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இனி பக்தவச்சலம். இவனுக்கு 'அவர்' போட எனக்கு மனசு வரவில்லை, அவன் என்றே இருக்கட்டும். அசரியாவோடு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன். பாதி நாள் அசரியா வீட்டில்தான் அவனுக்குச் சோறு. செல்வமேரி கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதிலிருந்து பந்தி விசாரித்தது வரைக்கும் அவன்தான். அவளுக்கு அவன் 'பக்தண்ணா'. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவனும் நினைத்தான், எதற்கு நினைத்தான் என்பதுதான் விஷயம்.

தொண்ணூறுகளில் அவன் நில புரோக்கர் ஆனான். முடிச்சூரைத் தாண்டி ஒரு வயலை வாங்கி, கல் நட்டு, 'பக்தவச்சலா நகர்' என்று தன் பேரையே வைத்தான். நடுவில் ஒரு பழைய கிணறு. தொண்ணூற்று ஐந்து ஐப்பசி மழையில் அது வாய் வரைக்கும் நிரம்பிக் கிடந்தபோது அசரியாவைக் கூட்டிக்கொண்டு போனான். ரோட்டோரம் மரக்கன்று வைக்கப் போகிறேன், தண்ணீர் செடிக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல் என்றான். அசரியா வழக்கம்போல் ஒயரை அடி வரைக்கும் விடப் போனார். பக்தவச்சலம் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அடியில மோட்டாரு தண்ணி இஸ்க்கிற ஃபுட்வால்வு கீது. மோட்டார் போட்டா ஒயரை இஸ்துகினு பூடும். ஃபாரின் மெஷினு, போச்சுன்னா உன் வேலைக்கே வேட்டு. மேலயே ஒரு மூணடியில கட்டிவுடு. செடிக்குத்தானே?"

புதுமழைத் தண்ணீர் மேலே மிதக்கும், ஊற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கும் என்பது அசரியாவுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் என் வேலை போய்விடக் கூடாதே என்று இவன் பதறுகிறானே என்று அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. மூன்றாவது சிவப்பு டேப்பில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு வாரம் கழித்து அச்சான கோடு தரையோடு தரையாக, அருமையான தண்ணீர் என்று சொன்னது. ஸ்ரீநிவாசராகவன் கறாரான மனிதர். 'மேலிருந்து மூன்றடியில் மட்டும் பார்த்தது' என்று அடியில் டைப் அடித்துத்தான் கையெழுத்துப் போட்டார். பக்தவச்சலம் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

அதோடு அசரியா அதை மறந்தார். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு பெரிய கட்டடத்துக்கு மண் பார்க்கிற வேலை வந்தது. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். முடிச்சூர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு செல்வமேரி கேக்கோடு வந்தாள். ஒரு மஞ்சப்பையை அண்ணன் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து சிரித்தாள். உள்ளே பத்திரம். புருஷன் போனதற்கு ரயில்வே கொடுத்ததையும் கழுத்தில் காதில் கிடந்ததையும் போட்டு, பக்தவச்சலா நகரில் மனை வாங்கிவிட்டாளாம். முன்னாலேயே சொன்னால் தங்கைக்காகத்தான் அண்ணன் ரிப்போர்ட்டு கொடுத்தான் என்று அவர் ஆபீசில் பேஜாராகிவிடும், கிறிஸ்துமஸுக்குச் சொல்லிக்கலாம் என்று பக்தண்ணாதான் வாயைக் கட்டிவிட்டானாம்.

அசரியா கையில் இருந்த கேக்கைத் தட்டில் வைத்தார். தண்ணீரைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் வீடோ மனையோ பார்க்கப் போனால், ஆம்பிளைகள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், எல்லைக்கல்லை எண்ணுவார்கள். பொம்பளைகள் ஒரு தூக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்த் துவரம்பருப்பு வேகவைப்பார்கள். பருப்பு மலர்ந்து கரைந்தால் மேற்கொண்டு பேச்சு. கல் மாதிரி கிடந்தால், அந்த இடத்தைத் தங்கத்தில் இழைத்திருந்தாலும் வேண்டாம். எந்தப் பத்திரத்தையும்விட அந்தப் பருப்புக்கு மதிப்பு ஜாஸ்தி.

செல்வமேரி முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னாள். "அல்லாரும் வாட்ச்மேன் ரூமாண்ட கீற பைப்புல தூக்குல புடிச்சினு போனாளுங்கண்ணா. எங்க அண்ணன் பாத்த தண்ணிக்கு நான் பருப்பு வேவ வெச்சுப் பாக்கணுமான்னு கேட்டுட்டு, நான் அங்கியே அட்வான்ஸ் குட்த்துட்டேன். அவளுங்க ஒருத்தியும் திரும்பி வரல. அதான் எனக்கு ரோட்டோரமே மனை கெட்ச்சுது."

ஒருத்தியும் திரும்பி வரவில்லை! அந்தக் குழாயில் வருவது மோட்டார் அடியிலிருந்து இழுத்துப் போடுகிற தண்ணீர். மறுநாள் ஆபீஸ் லீவு. அசரியா தன்னிடம் இருந்த சாவியால் கூடத்தைத் திறந்து, யாரையும் கேட்காமல் மெஷினை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

நகருக்கு வாசலிலேயே ஒரு போர்டு. அவர் அளந்த அந்தக் கோட்டை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வரைந்து, கீழே 'தண்ணீர் பரிசோதனை: அசரியா' என்று பக்தவச்சலத்தின் பேரைவிடப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மூன்றடி என்கிற வரியை மட்டும் காணோம். அசரியா கிணற்றடியில் உட்கார்ந்து ஒயரை விட்டார். மேலே அறுநூற்றுச் சொச்சம், நல்ல தண்ணீர்தான். டேப் டேப்பாக இறக்க இறக்க எண் ஏறியது. அடியில் தட்டியபோது நாலாயிரத்தைத் தாண்டி நின்றது. ஒரு தரத்துக்கு மூன்று தரம் குழாயைக் கழுவிக் கழுவி விட்டுப் பார்த்தார். எத்தனை கழுவினால் என்ன, உப்பு கிணற்றில் இருந்தது.

பக்தவச்சலத்தின் ஆபீஸ் முடிச்சூர் ரோட்டில் இருந்தது. அசரியா சத்தம் போடவில்லை, அவருக்கு வரவும் வராது. இப்படிப் பண்ணிவிட்டாயே என்று கேட்டார். அவன் மறுக்கக்கூட இல்லை. ஒயரைக் கட்டியது உன் கை, நான் அதைத் தொடக்கூட இல்லை, ரிப்போர்ட்டில் கையெழுத்தும் உன் முதலாளியுடையது என்றான். மற்றவர்களை விடு, அவளுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார் அசரியா. அவள் சின்ன வயதில் உனக்குச் சோறு பிசைந்து கொடுத்தவளாயிற்றே என்றும் சொன்னார்.

அதற்கு அவன் சிரித்தான் பாருங்கள்.

"இன்னா மச்சான், வெவரம் புரியாம பேசுற? தண்ணி புடிச்சினு போனவ ஒருத்தியும் வரல. மனை நவுராம கெடந்துச்சு. அசரியா தங்கச்சியே வாங்கிட்டாங்கன்னு சொன்ன பொறவுதான் அல்லாரும் வந்தானுங்க."

கூடவே இருந்து குழி பறிப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? அவளை ஏமாற்றியதோடு விடவில்லை பாவி, அவளைத் தூண்டில் புழுவாகக் கோத்து மற்றவர்களையும் பிடித்திருக்கிறான். முப்பது வருஷத்துச் சினேகிதம் இதற்குத்தானா? அவன் மேஜைமேல் வைத்த காப்பியைத் தொடாமல் அசரியா எழுந்து வந்தார். வந்தவர் நேரே தங்கை வீட்டுக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

செல்வமேரி அழவில்லை. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடியில ஏண்ணா வுடல?"

பக்தன் சொன்னான் என்றார் அசரியா.

"அவன் புரோக்கருண்ணா. நீ யாரு?"

அன்றைக்கு அவள் சாப்பிடச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தபோது, அசரியா கிணற்றடியில் மெஷினோடு நின்றார். ஒவ்வொரு டேப்புக்கும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே இறக்கினார். வாழ்நாளில் அவர் போட்ட சத்தம் அது ஒன்றுதான். வேன் வந்தபடியே திரும்பிப் போயிற்று. பக்தவச்சலத்தின் ஆட்கள் அவரைத் தள்ளிவிட்டார்கள், பெட்டி கைப்பிடிச் சுவரில் மோதிக் கண்ணாடி விரிசல் விட்டது. கேட்காமல் எடுத்ததற்கும் உடைத்ததற்கும் சேர்த்து ஸ்ரீநிவாசராகவன் அவரைத் திரும்பவும் சீசா கழுவப் போட்டார். மெஷின் பழுது பார்த்து வந்த பிறகும், நம்பிக்கை இல்லாமல் இல்லை என்றார், ஆனால் அதைப் பூட்டி வைத்த பீரோச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பக்தவச்சலத்துக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. விற்க வேண்டியதில் முக்கால்வாசி விற்றுவிட்டான். மிச்சத்தையும் போர்டில் அசரியா பேரை அழித்துவிட்டு விற்றான்.

வாங்கின மனையை யார் திருப்பி வாங்குவார்கள்? குரோம்பேட்டை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதும், செல்வமேரி அந்த உப்பு மண்ணிலேயே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு அறை கட்டிக் குடி போனாள். சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. சோப்பு நுரைக்கவில்லை, சோறு மஞ்சளித்தது. இத்தனைக்கும் அண்ணனை அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முடிச்சூர் ரோட்டில் அசரியாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நல்ல கிணறு இருந்தது. வேலைக்குப் போகிற முன் அங்கே இரண்டு குடம் இறைத்து, சைக்கிளில் கட்டி, தள்ளிக்கொண்டே போய்த் தங்கை வீட்டில் இறக்கினார். முதல் நாள் அவள் குடத்தை வாங்கி வைத்தாள். டிரம்மில் ஊற்றவில்லை. ஒரு சொம்பு மொண்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு பிடி துவரம்பருப்பைப் போட்டாள். அசரியா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பருப்பு மலர்ந்து கரைந்தது. கரண்டியால் எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் குடத்தை டிரம்மில் சரித்தாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மழை வந்து போயிற்று, வெயிலும் வந்தது. அவள் கையால் அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சும் சிரிப்பும்கூட மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பருப்பு மட்டும் தினம் ஸ்டவ்வில் ஏறியது.

ஒரு நாள் அசரியா ஸ்ரீநிவாசராகவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு மணி நேரத்துக்கு அந்த மெஷினை வாங்கினார். முடிச்சூர் ரோட்டுக் கிணற்றில் மேலே பார்த்தார், நடுவே பார்த்தார், அடியில் தட்டுகிற வரைக்கும் விட்டுப் பார்த்தார். மூன்று இடத்திலும் அமிர்தம். குடத்தைக் கொண்டுபோய் இறக்கிய கையோடு, மூச்சு வாங்க அதைத் தங்கையிடம் சொன்னார். மூணு எடத்துலயும் பார்த்துட்டேம்மா, அடி வரைக்கும் விட்டுப் பார்த்துட்டேன் என்று இரண்டு தரம் சொன்னார்.

செல்வமேரி முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"சரிண்ணா, உக்காரு" என்று சொல்லிவிட்டு, பருப்பு டப்பாவை எடுக்க உள்ளே போனாள்.