சீட்டு பிடிக்கிற படிப்பு

வடிவமைப்பையும் மானிடவியலையும் சேர்த்துப் படிக்கிற முதுகலைப் படிப்பு என்னுடையது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற காலை பஸ்ஸில் பெண்கள் எப்படி இடம் பிடிக்கிறார்கள் என்று கவனித்து, அதற்குத் தகுந்த இருக்கையை வரைந்து கொடுக்க வேண்டும். களத்தில் எதிலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் ஆய்வு செல்லாது என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாளே ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் கீழே நின்றபடி ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையை நீட்டினார். "ஏட்டி, சும்மாதான நிக்க? அந்த சீட்டுல போடு."

போட்டேன். நன்றிக்கு ஊர்க்கதை அத்தனையும் வழியெல்லாம் கொட்டினார். எனக்கு விட மனசில்லை. கொஞ்ச நாளில் பஸ்ஸிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் சீட்டு போடுவது நான்தான் என்றாகிவிட்டது. "மேடத்துக்குத் தெரிஞ்சா என் படிப்பு போச்சுக்கா" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் பேராசிரியையே களம் பார்க்க வந்து பஸ்ஸில் ஏறினார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக வரிசையாகப் பைகள் என் கைக்கு வந்தன.

"எல்லாருக்கும் இவதான் சீட்டு போடுவாளா?" என்று பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டார்.

அக்கா முகம் மாறவில்லை. "எங்க அம்மா காலத்துல இருந்தே இப்படித்தாம்மா. வருசத்துக்கு ஒரு பிள்ளைய இதுக்குன்னு நேந்து விடுவோம். இந்த வருசம் இவ."

பேராசிரியை பூரித்துப்போய்க் கைபேசியில் பதிவு செய்ய ஆரம்பித்தார். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருவதற்குள் அந்த வழக்கத்துக்கு ஒரு சாமியும் வந்துவிட்டது.